கட்டைமேல் நிற்கும் கார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் கார் எங்கள் இரண்டு பேரையும் விட சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் போனில் இத்தனை உத்தரவு போட முடியுமா.

கார் கொஞ்ச நாளைக்குச் சும்மா நிற்கும் என்று நீ சொன்னாலும் சொன்னாய், ஓய்வு பெற்ற மனிதருக்குப் புது உத்தியோகம் கிடைத்ததுபோல அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டேங்கு நிறையப் பெட்ரோல் ஊற்றினார், எலி புகாமல் இருக்க சைலன்சர் குழாயில் துணி அடைத்தார், அது நான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த என் நல்ல துண்டு. பிறகு மகா கெட்டிக்காரர், முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் இறக்கியிருந்த ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் போனார். ஏறுமா? பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பேட்டரியைத் திரும்ப மாட்டினால் கௌரவம் என்ன ஆவது, காருக்குக் காற்று வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்திவிட்டு அப்படியே உறையைப் போட்டு மூடினார். இப்போது பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. இனிமேல் எலித் தொல்லையே இல்லை பார் என்கிறார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். நேற்று மெக்கானிக் வந்து சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார். கொஞ்ச நாளைக்கு இது எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்கு வேணாம்மா, வருஷக்கணக்குல நிக்கிற வண்டிக்குத்தான் இப்படிச் செய்வோம், இல்லன்னா டயர் அழுந்திக் கெட்டுடும், உங்க பொண்ணுதான் சொன்னாங்களாமே என்றார். அப்பாவைப் பார்த்தேன், அவர் வாளி எடுக்கப் போவதுபோல உள்ளே நழுவிவிட்டார். ஆக அவருக்கும் தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் கொஞ்ச நாள். சின்ன வயதில் ஊசி போடும்போது கொஞ்சம்தான் வலிக்கும் என்று உனக்குச் சொன்னவள் நான், என்னிடமேவா இந்த வேலை? நீ வருஷக்கணக்கில் வரப்போவதில்லை என்பது எனக்குக் கஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் டயருக்குச் சொன்ன உண்மையை எனக்குச் சொல்லவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க அந்தப் போனை நோண்டாதே. இரண்டு பேரும் குறைவில்லாமல் இருங்கள். காரின் இன்னொரு சாவி உன்னிடம்தான் இருக்கிறது, சீக்கிரம் வருவதாக இருந்தால் கையோடு கொண்டு வா, இல்லையென்றால் தபாலில் அனுப்பிவிடு, நான் புரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கட்டையில் ஏறாத
உன் அம்மா