முப்பத்தைந்து மீட்டர்

20 யூலை 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கடிதத்தை உடைத்தேன். மிசியோன் லொக்கால் — பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளுக்கான அலுவலகம். செப்டெம்பர் 9, காலை பத்து மணி. எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பா அல்லது அம்மா கூட வரவேண்டும். ஏன் விட்டேன் என்று நான் வாயால் விளங்கப்படுத்தவேண்டும்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதம் எல்லாம் நான்தான் வாசிக்கிறேன், என்னைப் பற்றி வருவதையும். அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஆர் அவன் எண்டு அங்கையாவது சொல்லுவாளோ, கேள்."

அவன் என்று ஒருவனும் இல்லை. காரணம் நாற்பது செக்கன் நீளமான ஒரு வீடியோ. வகுப்புக்கு முன்னால் நிற்கிறேன், பேசவேண்டிய பேப்பர் கையில் இருக்கிறது, வாய் திறக்கிறது, மூடுகிறது, சத்தம் இல்லை. யாரோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். கீழே வரிசையாக மீன் படங்கள். அடுத்த நாளிலிருந்து என் பெயர் 'கார்ப்'. அது ஒரு குளத்து மீன்.

மார்ச்சில் இனிப் போகமாட்டேன் என்று கட்டிலிலேயே இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு நேரே கதைப்பதில்லை. நான் பக்கத்தில் நிற்க, "உன்ரை மகளிட்டைச் சொல்லு" என்பார்.

தமிழில் எழுதினால் அந்த வகுப்பில் ஒருவருக்கும் விளங்காது. அதற்காகத்தான் இந்தக் கொப்பியைத் தொடங்கினேன்.

24 யூலை

அப்பா கோப்பை கழுவும் றெஸ்ரோறன் ஓகஸ்டில் பூட்டு. அங்கே ஷெஃபுக்கு மலைப்பக்கம் ஒரு ஏரிக்கரையில் சின்ன வீடும், இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போகிற கயாக் வள்ளமும் இருக்கின்றன. ஒரு கிழமை போய் மீன் பிடி என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டாராம். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். பதினாறு வருடம் பாரிசில் கோப்பை கழுவி வலது தோள் போய்விட்டது. தனியத் துடுப்புப் போட ஏலாது.

வருவதாக இருந்த யோகநாதன் மாமா கடையை விட்டுவிட்டு வர ஏலாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஹோட்டல் கிளீனிங்கில் லீவு இல்லை.

"இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா அம்மா. "ஒரு கிழமையாவது லா சப்பல் கடைத்தெருவிலை எங்கடை சனத்தின்ரை வாயிலை இருந்து தப்பட்டும்."

"பொம்பிளைப் பிள்ளையை வள்ளத்திலை ஏத்துறதோ?"

"அது வள்ளமே? பிளாஸ்டிக் தொட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

29 யூலை

மீன்பிடி அனுமதி அட்டையை இணையத்தில் நான்தான் நிரப்பினேன். விதிகள் ஒன்பது பக்கம். அப்பாவுக்கு ஒரே ஒரு மீன்தான் வேண்டும்: ஏரி த்ருயித். லண்டன் மாமி ட்ரவுட் என்பாவே, அதில் பெரிய சாதி. நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விடவேண்டும். இதை அம்மாவுக்கு வாசித்தேன், அப்பா கேட்கத்தக்கதாக.

"பிடிச்ச மீனை விடுறதோ? நான் பிறந்து அப்பிடி ஒரு வேலை செய்யேல்லை."

அதைச் சொன்னபோது என்னைப் பார்த்தார். உடனே அம்மாவிடம் திரும்பிவிட்டார்.

4 ஓகஸ்ட், திங்கள்

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தோம். இன்று விடிய ஐந்தரைக்குத் தண்ணீரில்.

கயாக்கில் நான் முன்னுக்கு, அப்பா பின்னுக்கு. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். ஐந்து மாதத்தில் இவ்வளவு கிட்ட இருந்ததில்லை.

என் முழங்காலுக்கு முன்னால் ஷெஃப் பூட்டிய சின்னத் திரை ஒன்று. கீழே எத்தனை மீட்டர் ஆழம், எங்கே மீன் என்று காட்டும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "உந்த ரீவியை நிப்பாட்டு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யாருக்குச் சொன்னார்? அம்மா இங்கே இல்லையே. எனக்குத்தான்! நான் நிற்பாட்டவில்லை, வெளிச்சத்தைக் குறைத்தேன்.

கடலில் பார்த்த மாதிரியே அப்பா பறவை விழுகிற இடம் தேடினார். கரையோரமாக, மேல் தண்ணீரில் தூண்டில் போட்டார். பகல்வரை மூன்று சின்ன மீன்கள், விரல் நீளம்.

திரையில் முப்பத்தைந்து மீட்டரில் வளைந்த கோடுகள். பெரிய மீன்கள். கோடையில் மேல் தண்ணீர் சூடாகிவிட, த்ருயித் கீழே குளிருக்குப் போய்விடும் என்று அட்டை எடுத்தபோதே வாசித்திருந்தேன்.

சொல்லவில்லை. ஏன்?

5 ஓகஸ்ட்

இன்றும் இல்லை. முப்பத்தைந்து மீட்டரில் கோடுகள். நான் வாயைத் திறக்கவில்லை.

6 ஓகஸ்ட்

அப்பா தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு அம்மாவோடு ஃபோனில்: "பொம்பிளை ஏறினால் பின்னை மீன் படுமே."

நான் குசினியில் நின்றேன். கேட்டது.

நானே பிழை? நான் என்ன செய்தனான்? துடுப்புப் போட்டுக் கையெல்லாம் கொப்பளம். காத்துக்கு வள்ளம் திரும்பாமல் ஆர் பிடிச்சது? பாக்கத் தெரியாமல் மேலை போட்டுக்கொண்டு இருக்கிறது அவர். எனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் வாய் வரேல்லை. வகுப்பிலையும் இதுதானே நடந்தது — பேப்பர் கையிலை, எல்லாம் பாடம், வாய் மட்டும் வரேல்லை. அப்ப அவங்கள் வைத்த பெயர் சரிதானோ?

7 ஓகஸ்ட், வியாழன்

இன்று எழுதவேண்டும், எல்லாவற்றையும்.

ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நடுவில் திரை 35 என்று காட்டிய இடத்தில் துடுப்பை நிறுத்தினேன். முன்னால் மலையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்குச் சொல்வதுபோல் சொன்னேன்: "அப்பா, மீன் கீழை நிக்குது. அடியிலை."

பின்னாலிருந்து, "எத்தினை மீட்டர்?"

"முப்பத்தைஞ்சு."

ஈயக் குண்டு கட்டும் சத்தம் கேட்டது. நூல் இறங்கியது, இறங்கியது. பிறகு எழும்பிய காற்று எங்களைத் தள்ள நான் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா கேட்டார், எத்தினை மீட்டர். நான் சொன்னேன். நாற்பது, முப்பத்தொன்று, முப்பத்தைஞ்சு. மார்ச்சுக்குப் பிறகு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

எட்டு மணியளவில் கயாக் ஒருமுறை ஆடியது. "பிடி, பிடி, நேரா வைச்சிரு!" அப்பா சத்தம் போட்டார். கோபம் இல்லாத சத்தம். கனநேரம் எடுத்தது. பிறகு வலது பக்கத்தில் கைவலைக்குள், தண்ணீரில், வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு அது. துடுப்பில் ஷெஃப் கீறி வைத்த அளவில் பார்த்தார். "நாப்பத்தாறு! எடுக்கலாம் பிள்ளை."

பிள்ளை.

பாதி திரும்பிப் பார்த்தேன். மீனின் வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

முன்னுக்குத் திரும்பிவிட்டேன். மலையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். வீடியோ, நாற்பது செக்கன், மீன் படங்கள், கார்ப். கன்ரீனில் நான் வந்தால் எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள் என்றும் சொன்னேன். எங்கும் நிற்கவில்லை.

"ஆர் எடுத்தது?"

"தெரியாது. வகுப்புப் பெடியள்."

"எத்தினை பேர் பாத்தது?"

"எல்லாரும்."

கயாக் மெல்லச் சுற்றியது. நான் திருத்தவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. ஆர் அவன் எண்டுதான் கேட்டனீங்கள்."

பின்னால் கைவலை கயாக்கில் உரசியது. பிறகு தண்ணீரில் ஒரு சின்னச் சத்தம்.

கரைக்கு வந்து இறங்கியபோது கைவலை ஈரமாக, வெறுமையாகக் கிடந்தது.

"மீன் எங்கை அப்பா?"

வலையை உதறிக்கொண்டே, "போயிட்டுது" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

10 ஓகஸ்ட், ஞாயிறு

வந்துவிட்டோம். யோகநாதன் மாமாவின் கடையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனோம். சாமான் வாங்க வந்த கலாவதி அன்ரியும் அங்கே நின்றா.

"என்ன செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, மீன் வெட்டக் கத்தி தீட்டி வைச்சனான்" என்றார் மாமா.

"ஒண்டும் படேல்லை."

"பின்னை?" என்றா அன்ரி. "பொம்பிளைப் பிள்ளையை ஏத்தினால் படுமே?"

நான் கருவேப்பிலைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வள்ளத்தை நேரா வைச்சிருந்தது இவள்தான், கலாவதி" என்றார் அப்பா. "எனக்குத்தான் இழுக்கத் தெரியேல்லை."

வள்ளம் என்றார். அம்மாவைப்போலத் தொட்டி என்று சொல்லவில்லை.

30 ஓகஸ்ட்

வீட்டில் இன்னும் அப்படித்தான். மேசையில் முகத்துக்கு முகம் இருந்தால் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. "உன்ரை மகள் சாப்பிட்டவளோ?" என்று அம்மாவிடம் கேட்கிறார். அவன் யார் என்று மட்டும் இப்போது கேட்பதில்லை.

8 செப்டெம்பர்

நாளைக்கு. ஐந்து வரி எழுதிப் பாடமாக்கியிருக்கிறேன். போன முறையும் பாடம்தான்.

9 செப்டெம்பர், செவ்வாய்

சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரைகள், பக்கத்தில் பக்கத்தில். அந்த மதாம் நல்லவ மாதிரி இருந்தா. ஏன் விட்டாய் என்று கேட்டுவிட்டுப் பேனாவை வைத்தா. என் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சுவரில் மணிக்கூடு.

அப்பா எழும்பினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டு இருந்தார். முன்னுக்கு வரலாமே முசியே என்றா மதாம். "நோ மதாம், இஸி பியாங்" — இங்கே நல்லது — என்றார் தன்னுடைய பிரெஞ்சில்.

மூச்சுச் சத்தம், என் முதுகுக்குப் பின்னால்.

"எத்தினை மீட்டர், பிள்ளை?"

மதாமுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா.

"முப்பத்தைஞ்சு" என்றேன். பிறகு பிரெஞ்சில் தொடங்கினேன்.