குமிழி எழுத்தில் ஓர் எச்சரிக்கை

மே 12, அலெக்ஸாந்திரியா
விடுதிப் பலகைகளுக்கான அரபு எழுத்துரு முடிந்தது. பெயர் குமிழி. புள்ளி வரும் இடமெல்லாம் ஒரு நீர்க்குமிழி. வரி நேராக நிற்காது, அலை மாதிரி ஏறி இறங்கும். கடற்கரை விடுதி முதலாளி ஷௌக்கி பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "மேடம் நெவீன், இதப் பாத்தாலே தண்ணில குதிக்கணும்போல இருக்கு!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 3
ஷௌக்கி போன் செய்தார். குளிக்கக் கூடாத இடத்துப் பலகையும் குமிழியிலேயே வேண்டுமாம். அங்கே சுழல் இருக்கிறதே, தடித்த நேர் எழுத்துதான் சரி என்றேன். "ஆளுங்கள பயமுறுத்தாதீங்க மேடம். லீவுக்கு வர்றாங்க, எழவு வீட்டுக்கா வர்றாங்க?"
முனகிக்கொண்டே செய்து கொடுத்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 19
விடுதியின் உயிர்காப்பாளர் ஆஷூர் வீடு தேடி வந்தார். கழுத்தில் விசில், கையைப் பிடித்தபடி சின்ன மகள் பஸ்மா. கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது.
"உங்க பலகை முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்க மேடம். எடுத்துட்டு நேரா சுழலுக்குள்ள எறங்குறாங்க. விசில் ஊதினா எனக்குக் கையாட்டுறாங்க! கோவமா ஒண்ணு எழுதிக் குடுங்க, நானே மாட்டிக்கறேன்."
அதற்குள் பஸ்மா என் சுவரில் ஒட்டியிருந்த குமிழி எழுத்துகளைத் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடப் புஸ்தகம் ஏறவே மாட்டேங்குது. இது மட்டும் ஏறிடுச்சு" என்றார் ஆஷூர், ஒரே பெருமை.
முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 20
ஷௌக்கி போனை எடுக்கவில்லை.

ஜூன் 24
"சீசன் முடியட்டும் மேடம்" என்கிறார். கேட்காமல் நானே எழுதிக் கொடுத்தால்? ஆஷூருக்கு வேலை போகும். எனக்கும் அடுத்த வேலை வராது — பார்க்கலாம்.

ஜூலை 2
கடல் சீற்றம், யாரும் இறங்கக் கூடாது என்று கரையெங்கும் கறுப்புக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் இரைச்சல் கேட்கிறது.
எழுதிவிட்டேன். தடித்த எழுத்து, நேர் வரி, குமிழியும் இல்லை ஒன்றும் இல்லை. காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஷௌக்கி கத்தினால் கத்தட்டும்.

ஜூலை 3
கொண்டுபோனேன். கரையில் கூட்டம். சுழலில் மாட்டிய இரண்டு பேரை இழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்காகத் திரும்ப இறங்கினாராம் ஆஷூர். அந்த ஆள் தானே கரையேறிவிட்டான். இவர் வரல. ஐயோ, அந்த மனுஷன் கேட்டாரே! எங்கிட்டதானே வந்து கேட்டாரு! பலகை அங்கேயே நிக்குது, சிரிச்சுக்கிட்டு.

ஆகஸ்ட் 15
ஆஷூரின் மனைவி ஸுஆத் வந்தாள். தெருமுனையில் அவர் பெயரால் குடிநீர்க் குளிர்பெட்டி வைக்கிறார்கள்; குடிப்பவர்கள் அவருக்காகக் குர்ஆனிலிருந்து ஒரு ஃபாத்திஹா ஓதுவார்கள். பெயரை நான் எழுத வேண்டும். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
நேர் எழுத்தில் எழுதிக் காட்டினேன்.
"இது வேணாம் மேடம். அந்தக் குமிழி எழுத்துல போடுங்க. பஸ்மாவுக்கு அது மட்டுந்தான் படிக்க வரும்."
அவர் பெயரில் ஷீன் எழுத்துக்கு மேல் மூன்று புள்ளிகளுக்குப் பதில் மூன்று குமிழிகள் வரும். அவற்றைப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.