கதவோரம் சிறிதாக ஒரு பெயர்

தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் மை வாடை மூக்கைத் துளைக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஏர் ஹோஸ்டஸ் யூனிஃபார்மோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. போன வருடம் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போலவே உன் பெயருக்குக் கீழே அந்தப் பெரிய விமானக் கம்பெனியின் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார் உன் அப்பா. என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நீ அந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லையே.

அதை நீ என்னிடம் சொன்னது ஊரப்பாக்கம் ஸ்டேஷனில். யூனிஃபார்ம், விமானத்துக்கு அடித்த பெயின்ட் எல்லாம் அவர்களுடையது. டிக்கெட் விற்பதும் நேரம் குறிப்பதும் அவர்கள். விமானமும் விமானியும் நீயும் மட்டும் வேறொரு சின்னக் கம்பெனி. "அப்போ இது ஏமாத்து இல்லையாடி?" என்றேன். நீ சிரித்தாய். "ஜிஎஸ்டி ரோட்டுல எங்கப்பா ஓட்டின வேன் ஞாபகம் இருக்கா? கண்ணாடில மாட்டின போர்டு ஃபேக்டரியோடது, வண்டி டிராவல்ஸ்காரரோடது. அதேதான், இது பறக்குது."

நான் விடுகிற ஆளா? சீட் காலியாகப் போனால் யாருக்கு நஷ்டம்? "அவங்களுக்குத்தான். ஓட்டின டிரிப்புக்கு எங்களுக்குக் காசு வந்துடும்." லேட்டானால்? "திட்டு மட்டும் எங்களுக்கு." அவர்களே பெரிய விமானத்தை அனுப்பினால் என்ன? "தூத்துக்குடி மாதிரி ஊருக்கு அவ்ளோ பேர் ஏறணுமே. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டே பேர் போக முழு பஸ்ஸையா வாடகைக்குப் பிடிப்ப?" பேச்சு சுவாரசியத்தில் ஒரு ரயிலையே விட்டுவிட்டோம்.

பிறகு உன் குரல் இறங்கியது. பயணிகள் பாராட்டி எழுதினாலும் அது பெரிய கம்பெனிக்கே போய்ச் சேருகிறது என்றாய். "ஒரு தடவையாவது யாராவது எங்க கம்பெனி பேரைச் சொல்லணும்டி." அப்பாவிடமாவது சொல்லலாமே என்றேன். "தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கார், பாவம். ஒருநாள் நானே சொல்றேன்."

அந்த ஒருநாளுக்கு முன்னால் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பிரிண்ட் குடுத்துடலாமா?" என்று கடைக்காரர் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், அவ வேலை பாத்தது இந்தக் கம்பெனி இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"தெரியும்மா. என்னை ஒருவாட்டி அவ ஃபிளைட்டுல கூட்டிகினு போனாளே. ஏறும்போதே பாத்தேன், கதவாண்ட சின்னதா வேற பேரு எழுதியிருந்துச்சு. வண்டி யாருதுன்னு பாக்காம நான் எந்த வண்டிலயும் ஏறினதில்ல."

"அவகிட்ட ஏன் கேக்கல?"

"பெரிய கம்பெனின்னு நான் சொல்லிகினு திரியறது அவளுக்குப் பெருமைன்னு நெனச்சேன். கேட்டா மனசு கஷ்டப்படுவாளேன்னு வுட்டுட்டேன்."

நீ அவருக்காக வாய் திறக்கவில்லை, அவர் உனக்காக. இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்ட வேண்டும்போல இருந்தது. அழுகைதான் வந்தது.

அவர் எழுந்து திரையருகே போனார். "அந்தப் பேரை எடுத்துடுப்பா" என்று கடைக்காரரிடம் சொல்லி, உன் கம்பெனியின் பெயரைத் தடுமாறாமல் எழுத்துக்கூட்டிச் சொன்னார். "பெருசா போடு."

இப்போதெல்லாம் விமானம் ஏறும்போது நானும் கதவோரம் ஒரு நொடி நிற்கிறேன். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். இறங்கும்போது கைகூப்பும் பெண்ணிடம் அந்தச் சின்னப் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறேன். அவள் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பாள். அந்த முகத்தை நீ பார்க்கணும்டி.