கடைவாசலில் ஒரு கறுப்புத் தீற்றல்

பாரிஸ், மார்ச் 12, 1877

மழை. குடைகள் நன்றாக விற்றன. எதிர்வீட்டு நாலாம் மாடிக்கு தெலோர்ம் என்று ஓர் ஓவியர் குடிவந்திருக்கிறார். பால்கனியில் நின்று எங்கள் தெருவை வரைகிறார். வரையட்டும், நமக்கென்ன என்றுதான் இருந்தேன். சாயங்காலம் பார்த்தால், என் புருஷன் அன்செல்ம் கடைவாசலில் சாய்ந்து சுருட்டுப் பிடிக்கிறார். அந்த மனுஷன் அவரையே பார்த்துப் பார்த்துத் தீட்டுகிறார். அன்செல்மை உள்ளே இழுத்துவிட்டேன்.

மார்ச் 13

ஆறு வருஷமாக என் புருஷன் வேறு பெயரில் வாழ்கிறார். அரசை எதிர்த்துப் பாரிஸ் ஜனம் எழுந்த கம்யூன் கலகத்தில் துப்பாக்கி பிடித்தவர். அகப்பட்டால் தீவாந்தரம்தான். குண்டு பாய்ந்த இடது தோள் இன்னும் இறங்கியே நிற்கிறது.

மாடியேறிப் போய்க் கெஞ்சினேன். "ஐயா, அவரை மட்டும் அழிச்சிடுங்க."

"இருக்கறத மறைக்கவும் மாட்டேன், இல்லாதத சேர்க்கவும் மாட்டேன் அம்மா. கண்ணு பாக்குறதத்தான் கை போடும். மூஞ்சியே வரையல, எதுக்கு இப்படி நடுங்குறீங்க?"

காரணம் சொல்ல முடியுமா? இறங்கி வந்தேன்.

மார்ச் 14

வாசலில் நிற்காதீர்கள் என்று அன்செல்மிடம் சொன்னேன். "உள்ளயே கிடந்தா அதுவும் ஜெயில்தான்டி" என்கிறார்.

ஏப்ரல் 8

தெலோர்மின் படம் மாட்டியிருக்கும் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. "இது தெருவா, கவுந்த சூப்பா?" என்றான் ஒருவன். ஈரக் கற்கள், வண்டிகள், குடைகள், எல்லாம் தீற்றல். எங்கள் வாசலில் கறுப்பாக ஒன்று. கண்ணில்லை, மூக்கில்லை. ஆனால் இடது பக்கம் இறங்கியிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது — அவர்தான்.

பக்கத்தில் நரைமீசைப் பட்டாளத்துக்காரர் ஒருவர் சிரிக்காமல் நின்றார். "இது எந்தத் தெரு?" என்று காவலாளியைக் கேட்டார்.

ஏப்ரல் 9

சும்மாதான் கேட்டிருப்பாரோ? இல்லை. அந்தத் தோளையேதான் பார்த்தார். அன்று கலகக்காரர்களைச் சுட்ட பட்டாளத்தில் இருந்தவராக இருக்கும். கடவுளே.

ஏப்ரல் 11

வந்துவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள். அன்செல்ம் பின்கட்டில், குடைக்கம்பிகளுக்கு நடுவே.

"படத்துல உங்க வாசல்ல நிக்கிறவன் யாரு?"

அப்போது தெலோர்ம், சாயக் கையோடு தெருவைக் கடந்து ஓடிவந்தார்.

"அங்க யாருமே இல்லீங்க. சுவர் வெளுப்பா இருந்துச்சு. கறுப்பு வேணும்னு நானாத்தான் இழுத்துவிட்டேன்."

"ஆளே இல்லாமயா? சரியான கிறுக்குக் கூட்டம்யா!" சிரித்துக்கொண்டே போனார்கள்.

தெலோர்ம் என் முகத்தைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஏப்ரல் 30

வெயில். அன்செல்ம் சொன்னால் கேட்கிற ஜென்மமா? நாள் முழுக்க வாசலில்தான் நின்றார். எதிரே தெலோர்ம் மறுபடி தெருவை வரைந்தார். சாயங்காலம் மாடியேறிப் பார்த்தேன். வண்டிகள் இருந்தன, பூக்காரி இருந்தாள், அவள் நாய்கூட இருந்தது. எங்கள் வாசல் மட்டும் காலி.