‘லாம்’ என்கிற இரண்டெழுத்து

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம், அந்த முழங்காலும் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அதை ரொம்பவும் குறை சொல்ல முடியவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குழு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மேஜைக்கு ஒரு கால் குட்டை, அழுத்தி எழுதினால் டக்கென்று சாய்கிறது. இந்த முதல் தாளின் பின்பக்கம் ஏதோ அச்சடித்திருப்பது உனக்குத் தெரியும், இப்போது திருப்பிப் பார்க்காதே, கடைசியில் நானே சொல்கிறேன். மணி இரண்டரை. ஐந்து மணிக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், எடுக்க முடியவில்லை, கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று பேச்சை முடித்துவிடுவாய், காகிதத்திடம் உன் சரிம்மா பலிக்காது.

உன் அப்பா பஸ் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஓடுகிற எதையும் ஒழுங்காக ஓட விடுவதில்லை. போன வாரம் துணி துவைக்கிற இயந்திரத்தைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பினார், திரும்பப் பூட்டியபோது மூன்று திருகாணி மிச்சம். கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருக்கான் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான் விளக்கம். இப்போது அது ஓடும்போது தானாக நகர்ந்து சமையலறை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, நான்தான் தள்ளிக்கொண்டு போய் விடுகிறேன். உன் அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முதல் வேலையாக நம் வீட்டு மூலையில் இருந்த ஒட்டடையைக் காட்டிவிட்டுப் போனாள். பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், படித்துவிட்டு உன் அப்பா கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் வந்தார். குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே கொடுக்காதே, கொதிக்க வைத்து ஆற வை, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பார்.

சிரிக்காதே. குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருஷம் தண்ணீரை மோந்து பார்த்த மூக்கு இது. உன் கல்யாணத்தில் சம்பந்தியம்மா நீட்டிய டம்ளரையும் மூக்குக்குக் கொண்டுபோனேன், மேடையிலிருந்து நீ முறைத்த முறைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ சின்னவளாக இருந்தபோது குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் என் ஏரித்தண்ணீர் பாட்டில்கள் இருக்கும், சாய ஆலை வாய்க்காலில் நான் பிடித்துவந்த தண்ணீரில் உன் அப்பா டீ போட்டுக் குடித்துவிட்டாரே, நினைவிருக்கிறதா, அது ஏற்கெனவே டீ நிறத்தில் இருந்ததால் தூளைக் கம்மியாகப் போட்டாராம். இரண்டு நாள் மனிதர் கழிவறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தத் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய அறிக்கையை வாரியம் அலமாரியில் போட்டுப் பூட்டியது, நான் வேலையை விட்டுவிட்டு அதைத் தெருத்தெருவாக வாசித்தேன், அப்படியே தேர்தலிலும் நின்றேன். அறிக்கை யாருக்கும் புரியவில்லை, டீக்கதை எல்லோருக்கும் புரிந்தது, ஜெயித்துவிட்டேன். என் வயித்த வச்சுதான் நீ எம்.எல்.ஏ. ஆன என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அதையும் சேர்த்து இதுவரை நாலு தேர்தல் பார்த்தாயிற்று, அதில் ஒரு தடவை மண்ணைக் கவ்வினேன். ஏரித்தண்ணீர் பாட்டிலை அவைத்தலைவர் மேஜையில் வைத்ததற்காக ஒரு நாள் முழுக்க என்னை வெளியே அனுப்பினார்கள். சாக்கடை அம்மா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வைத்த பெயரை எங்கள் கட்சிக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். கல்குவாரிக் குழியில் ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டுவதை நிறுத்தினேன், அது நின்றது. பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர் சோதனை கொண்டுவந்தேன், பாதி ஊரில் நடக்கிறது. பத்தாயிரம் மரக்கன்று நட்டேன், ஆடுகள் நன்றாகச் சாப்பிட்டன. நீ பத்தாம் வகுப்புப் பரிசு வாங்கிய அன்றைக்கு நான் குவாரிக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன் என்பதும் இந்தக் கணக்கில் சேரும், அதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. இதோ இந்த மின்விசிறி கிறீச் கிறீச்சென்று உயிரை வாங்குகிறது, எழுந்து நிறுத்தினேன், வேர்த்து ஊற்றியது, மறுபடி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் முதல் தடவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் உனக்குத் தெரியும், வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தேனே, அதுதான். ஏரியில் கழிவை விடுகிற ஆலையை அதிகாரி மூட வேண்டும் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். சட்டப் பிரிவில் ஒரு எழுத்தர் இருந்தார், தங்கமான மனுஷன், குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பார். அவர் வந்து, மேடம், பெரிய அதிகாரிக்குப் போய் வேணும் வேணும்னு உத்தரவு போடற மாதிரி இருக்கு, மூடலாம்னு போட்டா மரியாதையா இருக்கும்னு தோணுது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாம் பேசுவதே அப்படித்தானே, வந்தவரைச் சாப்பிடு என்று சொல்ல மாட்டோம், சாப்பிடலாமே என்போம், கிளம்பு என்று சொல்ல மாட்டோம், போகலாமா என்போம், பெரியவர்களிடம் அதிகாரமாகப் பேசாதே என்று உன் தலையில் குட்டி வளர்த்தவள் நான். வேண்டும் என்பதை என் பேனாவாலேயே அடித்து லாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, மரியாதை பார்த்துக் கெடுத்தவள் நானேதான்.

பதினாறு வருஷம் ஆயிற்று, ஒரு ஆலையைக்கூட மூடவில்லை. ஒவ்வொரு அதிகாரியும் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, மூடலாம்னுதானே இருக்கு மேடம், மூடணும்னு இல்லையே என்கிறார், அதில் ஒருவர் பரிசோதனைக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பையன். ஏரி ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு, ஆலையில் என்ன சாயம் ஓடுகிறது என்று ஜன்னலைத் திறந்தால் தெரியும். போன மாதம் ஏரிக்கரையில் துணி வெளுக்கிற அம்மா என்னைப் பார்க்க வந்தாள், முதல் தேர்தலில் எனக்காக வீடு வீடாக நடந்தவள். கையை நீட்டிக் காட்டினாள், விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது, ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, சட்டம் வந்தாச்சு மூடிருவாங்கன்னு அன்னைக்கே சொன்னீங்க, உங்களுக்கும் வயசாயிருச்சு எனக்கும் வயசாயிருச்சு, அது மட்டும் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும்மா என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் லாம் என்பதை எடுத்துவிட்டு வேண்டும் என்று போட ஒரு திருத்தம் கொடுத்தேன், நாளைக்குக் காலையில் வாக்கெடுப்பு. இன்றைக்குக் காலை பதினொரு மணிக்குக் கட்சிக் கொறடா வந்தார், நல்லவர்தான், என் வயதுக்கு மரியாதை கொடுப்பவர். ரெண்டெழுத்துக்காகவா இவ்வளவு அம்மா, அந்த ஆலைக்காரங்க நமக்கு வேண்டப்பட்டவங்க, திருத்தத்தத் திரும்ப வாங்கிக்கிட்டா அடுத்த தடவையும் தொகுதி உங்களுக்குத்தான், இல்லேன்னா தலைமை யோசிக்கும் என்றார். தலைமை யோசிக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். திரும்பப் பெறுகிறேன் என்று தட்டச்சு செய்த தாளையும் அவரே கொண்டுவந்திருந்தார், ஐந்து மணிக்குள் அவைச் செயலரிடம் போய்ச் சேர வேண்டும், அதற்கு மேல் போனால் நாளைய நடவடிக்கைப் பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு திரும்பப் பெற முடியாது. மறைப்பானேன், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் ஐந்து வருஷம் கிடைத்தால் வேறு எத்தனையோ செய்யலாம், குவாரி இருக்கிறது, ஆற்று மணல் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன், கொறடா போன பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் எழவில்லை. உன் அப்பாவுக்குப் போன் செய்தேன், அவர், நீ என்ன செஞ்சாலும் சரி, ஆனா ராத்திரி தூங்கற மாதிரி செய் என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டார், இதற்கு நான் போனே செய்திருக்க வேண்டாம்.

நாலு மணிக்கு டீ கொண்டுவந்தவர் ஆறிப்போகுதும்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கைக்கு வேலை வேண்டுமே என்று பையைக் கிளறினேன், உன் கடிதம் கிடைத்தது, அதை மறுபடி படித்தேன். அடுத்த வருஷம் விடுமுறைக்கு வரலாம் என்று இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷக் கடிதத்திலும் வரலாம், அதற்கு முந்தின வருஷமும் வரலாம், நாலு வருஷமாக வரலாம். ஒவ்வொரு தடவையும் உன் அப்பா மாடி அறைக்குப் புது விரிப்புப் போட்டு, ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார், இந்தத் தடவை பேத்தி விழுந்துவிடக் கூடாது என்று படிக்குக் கம்பியும் கட்டினார். உன்மேல் கோபப்படப் பேனாவை எடுத்தேன் அம்மாடி, எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. முடியாது என்று சொல்லி மனசைப் புண்படுத்த வேண்டாமே என்றுதான் நீ லாம் போடுகிறாய், நானும் மரியாதைக்குத்தான் போட்டேன். காத்திருக்கிறவர்களுக்கு அது என்ன செய்யும் என்று போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. நாலு வருஷக் காத்திருப்பே எனக்கு இப்படி என்றால், அந்தத் துணி வெளுக்கிற அம்மா பதினாறு வருஷம் காத்திருக்கிறாள்.

நாலே முக்காலுக்குக் கொறடாவின் ஆள் வந்து கதவைத் தட்டினார், தாளைக் கொடுங்கம்மா நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் இல்லை. இப்போது முதல் தாளைத் திருப்பிப் பார். கொறடா கொண்டுவந்த தாள் அதுதான், கீழே இருப்பது என் கையெழுத்துதான். பையில் கையை விட்டபோது வேறு காகிதமும் இருந்தது, இதைத்தான் எடுத்தேன், முதல் வரி எழுதும்போதே எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதிக்கொண்டு வந்தேன். நாளைக்கு வாக்கெடுப்பில் நான் தோற்றாலும் தோற்பேன், தொகுதி நிச்சயம் போகும், வீட்டோடு இருந்தால் உன் அப்பா என்னையும் பிரித்துப் பூட்ட ஆரம்பித்துவிடுவார். பயமாகத்தான் இருக்கிறது, வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வேண்டும் என்று எழுதியதை இரண்டாம் தடவையும் என் கையால் அடிக்க என்னால் முடியாது.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, மனசில் பட்டதைச் சொல்கிற தைரியத்தோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல். தண்ணீரைக் கொதிக்க வைக்க மறக்காதே. அடுத்த கடிதத்தில் வருகிறேன் என்று எழுது, இல்லையென்றால் வர முடியாது என்று எழுது, இரண்டையும் நானும் அப்பாவும் தாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மணி ஐந்து இருபதுக்கு,
உன் அம்மா