சூரியனைப் பிற்போடச் சொன்ன அதிபர்

செப்டெம்பர் 2, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயில். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம் வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி. இறங்கும்போது குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

செய்ய வேண்டியவை: 12ஆம் வகுப்பு வினாத்தாள் திருத்தல். குடை. வாளிக்கு மணல். தம்பிக்கு போன்.

மணல், என் மாணவி நிரோஜாவின் கம்பியை நிமிர்த்தி நடுவதற்கு. வியாழன் நண்பகல் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில். நிமிர்ந்து நிற்கிற எதற்கும் ஓரிரு நிமிடம் நிழல் இராது. அதே நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன நிழல் விழும். அதை அளந்து கோணத்தைக் கண்டுபிடித்தால், இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்து முழுப் பூமியின் சுற்றளவையும் கணக்கிட்டுவிடலாம். அங்கே அளக்கப் போவது என் தம்பி குகனும் அவன் படிப்பிக்கிற பிள்ளைகளும்.

அகில இலங்கைப் போட்டிக்கு நிரோஜா பதிந்து கொடுத்த தலைப்பே "நிழலில்லா நண்பகலில் பூமியை அளத்தல்". மேகம் மறைத்தால் போயிற்று. சித்திரையில் சூரியன் திரும்பி வரும், போட்டி அதுவரை இராது. அடுத்த வருடம் அவளுக்கு உயர்தரப் பரீட்சை.

முதலில் யாழ்ப்பாண பஸ் புத்தளம் சுற்றி ஓடுகிற தூரத்தைப் போட்டுக் கணக்குச் செய்திருந்தாள். பூமி ஊதிப்போய் வந்தது. "சூரியன் என்ன, புத்தளம் சுத்தியே போகுது?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தாள். நல்ல பிள்ளை.

செப்டெம்பர் 3, செவ்வாய்

புழுக்கம். கணித விஞ்ஞான மன்றக் கண்காட்சியின் நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. வியாழன். அந்த நாளில் வைக்கச் சொன்னதே நான்தான். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

11.00 பிரதம விருந்தினர் வருகை. பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, நடனம், அதிபர் உரை, இன்னோர் உரை. 1.30க்கு, தடித்த எழுத்தில்: "நிழலில்லா நேரம் – பிரதம விருந்தினர் ஆரம்பித்து வைப்பார்."

இரண்டு தரம் வாசித்தேன். நேரே பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போனேன். (இனி அ. என்றுதான் எழுதுவேன். முழுச் சொல்லுக்கு என்னிடம் மரியாதை மிச்சமில்லை.)

"மெடம், இது பன்னிரண்டு ஒன்பதுக்கு நடக்கிற விசயம்."

"தெரியும் மிஸ். அந்த நேரம் நடனம் போகுதே. நீங்கள் ஒண்டரைக்கு வையுங்கோ. சீஃப் கெஸ்டும் வந்து பாக்கட்டும்."

"சூரியன் நிக்காது மெடம்."

"எல்லாத்துக்கும் ஒரு பிரச்சினை சொல்லாதேங்கோ. ஒரு மணித்தியாலம்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கோ."

இவர் விஞ்ஞானப் பட்டதாரி.

அது போதாதென்று, நிரோஜா வாசல் வரவேற்பு வரிசையிலாம். உயரமான பிள்ளையாம். பன்னீர்ச்செம்பு அவள் கையிலாம். வேறு யாரையும் நிறுத்தலாமே என்றேன். "வரிசை கோணலாப் போகும் மிஸ்." பூமியை அளக்கப் போகிற பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கிற வேலை, பன்னீர் தெளிப்பது.

வீட்டில் பயற்றங்காயைக் கோபத்தில் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தேன். கணவர் சொல்கிறார்: "நீர் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்? கோவிச்சாலும் கோவிக்காட்டிலும் சம்பளம் ஒண்டுதானே." பருப்பில் உப்புக் கூடிவிட்டது. சாப்பிடட்டும்.

செப்டெம்பர் 4, புதன்

ஒத்திகை. வலைப்பந்துத் திடலின் நடுவில் வாளி, மணல், ஒரு மீற்றர்க் கம்பி. நிமிர்வு பார்க்கத் தூக்குக்குண்டு கட்டினால் கடற்காற்றுக்கு ஊஞ்சலாடுகிறது. நிரோஜா குண்டைத் தண்ணீர் நிறைந்த யோகட் கோப்பைக்குள் இறக்கினாள். ஆட்டம் நின்றது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நண்பகலில் சரியான மேகம். நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் பரீனா மிஸ் அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்: "பெரிய மெடமோட சண்ட புடிச்சு வேலல்ல டீச்சர். மேகம் மறச்சிட்டு ஈக்கி, அதப் பாருங்க."

நாளையும் இப்படியென்றால்?

செப்டெம்பர் 5, வியாழன்

வெயில். கொளுத்துகிற வெயில். கண்ணாடித் துண்டுபோல் வானம்.

பத்தரையிலிருந்து பிள்ளைகள் வாசலில், ஹாஃப் சாறியோடு, தலை நிறையப் பூவோடு. பதினொன்றுக்கு வர வேண்டிய பி.வி. (பிரதம விருந்தினர்) வரவில்லை. பதினொன்றரை. வரவில்லை. கொள்ளுப்பிட்டியில் சொந்தக் கம்பனிக் கந்தோர் வைத்திருக்கும் பழைய மாணவி. வலைப்பந்துத் திடலுக்குக் கூரை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். கூரை வந்தால் அந்தத் திடலில் நிழலைத் தவிர வேறொன்றும் இராது.

ஒரு சின்னப் பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். பரீனா மிஸ் தண்ணீர் கொடுத்துக் கூட்டிப் போனார். அ. மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே. அடிக்கடி வாசலுக்கு வந்து "நேரா நில்லுங்கோ, நேரா நில்லுங்கோ".

பன்னிரண்டு அடித்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. நிரோஜாவிடம் போனேன்.

"செம்பைத் தா."

"மிஸ்?"

"தா எண்டு சொன்னனான். இந்தா போன், குகன் சேர் லைன்ல நிக்கிறார். ஓடு."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நான் வரிசையில், அவள் இடத்தில். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாற்பத்தாறு வயதுக் கணித ஆசிரியை, கையில் பன்னீர்ச்செம்பு. வரிசை கோணலாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில் நின்றவள் குனிந்தாள். "மிஸ், கீழ பாருங்கோ! என்ர நிழலைக் காணேல்ல!" அவ்வளவுதான். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள், காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒருத்தி கையை நீட்டி "கை மட்டும் விழுது, கை மட்டும் விழுது" என்று கத்துகிறாள். தட்டிலிருந்த கற்கண்டு கொட்டுப்பட்டது.

அ. ஓடி வந்தார். "என்ன கூத்து இது? நேரா நில்லுங்கோ! கார் எந்த நேரமும் வரும்!" அவருடைய காலடியிலும் நிழல் இல்லை. அவர் குனியவில்லை.

திடலிலிருந்து ஓவென்று ஒரு சத்தம். கைதட்டல். இருபது வருடமாக அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைகிறேன். கம்பியை ஒரு தரம் கண்ணால் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. கோபத்தில் கண் கலங்கிவிட்டது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

பி.வி. வந்தபோது ஒன்று கால். "சொறி மெடம், ட்ரஃபிக்." பன்னீர் தெளித்தேன். கொஞ்சம் கூடத்தான் தெளித்தேன்.

விளக்கேற்றிய கையோடு நேரே கம்பிக்குக் கூட்டிப் போனார்கள். நடனம் வெட்டு. பி.வி. குனிந்து பார்த்தார். பாவம், அவர் நேர்மையாகத்தான் கேட்டார்: "எங்க, நிழல் இல்லை எண்டீங்கள்? இருக்குதே?"

"நிரோஜா, விளங்கப்படுத்தும்" என்றார் அ.

"பன்னிரண்டு ஒன்பதுக்கு இல்லை மெடம். இப்ப இருக்கு."

"பிள்ளைக்குக் கொஞ்சம் பயம்" என்று அ. சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

பின்னேரம் குகனின் போன். அங்கே நிழல் நாலு தசம் எட்டுச் சென்ரிமீற்றர். "அக்கா, நாங்கள் மூண்டு கம்பி வச்சு அளந்தனாங்கள்." நிரோஜாவின் விடை நாற்பதாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட. சரியான விடை. பூமி தன் அளவில்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 6, வெள்ளி

மழைக்குணம். முதலாம் பாடத்திலேயே அ. கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள பிள்ளையின்ர கையில போன். அதுவும் உங்கட போன். நீங்கள் செம்போட நிண்டது அதைவிட வெக்கம்."

"பிள்ளை வேலை செய்தவ மெடம்."

"வேலையை ஒண்டரைக்கும் செய்திருக்கலாம்."

இன்னும் ஒண்டரை! நேற்று முழுக்கக் கண்முன்னால் நடந்தும் ஒண்டரை!

முகநூலில் பள்ளிக்கூடப் பக்கத்தைக் காட்டினார். பி.வி. கம்பியைத் தொட்டபடி. கம்பியின் நிழல் திடலில் பளிச்சென்று நீட்டி விழுந்து கிடக்கிறது. கீழே: "நிழலில்லா நேரத்தைப் பிரதம விருந்தினர் ஆரம்பித்து வைத்தபோது." நூற்றுக்கணக்கான விருப்பக்குறிகள். ஒருவராவது கீழே பார்த்தார்களா?

பிறகு நிபந்தனை. போட்டி அறிக்கையில் அந்தப் படம் இருக்க வேண்டும். இருந்தால்தான் கையெழுத்து. அ.வின் கையெழுத்தில்லாமல் போட்டிக்காரர் அறிக்கையை ஏற்க மாட்டார்கள். நான் அந்த அறையில் சொன்னதை இங்கேகூட எழுத மாட்டேன்.

பரீனா மிஸ்: "போட்டுடுங்க டீச்சர். படம் ஒண்டுதானே." நிழலோடு ஒரு படத்தை வைத்து "நிழலில்லா நண்பகல்" என்று அனுப்பினால் நடுவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பது அ.வைப் பார்த்தல்ல, நிரோஜாவைப் பார்த்து.

படியில் வைத்து அவளிடம் சொன்னேன். புத்தகப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு, "சரி மிஸ். அந்தப் படத்தைப் பெருசாக்கி எடுத்துத் தருவீங்களே?"

அவள் மேலும் கோபம் வந்தது. ஒரு சொல் எதிர்த்துப் பேசக் கூடாதா? பதினேழு வயதிலேயே தலையாட்டப் பழகிவிட்டதே இந்தப் பிள்ளை என்று பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டெம்பர் 9, திங்கள்

வெயிலும் மழையும் மாறி மாறி. வினாத்தாள் இன்னும் திருத்தவில்லை.

காலையில் நிரோஜா அறிக்கையோடு வந்தாள். படம் கடைசிப் பக்கத்தில், பெரிதாக, வர்ணத்தில். அதன் கீழே அவளுடைய பொடி எழுத்தில்: "பின்னிணைப்பு: நிழலிலிருந்து நேரம் காணல்."

திடலின் வெள்ளைக் கோட்டை அளவாக வைத்து, படத்திலிருக்கும் நிழலை அளந்திருக்கிறாள். கம்பியின் நீளம் தெரியும். அதிலிருந்து கோணம். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகரும். அதிலிருந்து நேரம். முடிவு: "இப்படம் நிழலில்லா நேரத்தில் எடுக்கப்பட்டதல்ல. பிற்பகல் 1.31 அளவில் எடுக்கப்பட்டது. நிழலில்லா நேரத்தில் பிரதம விருந்தினர் பாடசாலைக்கு வந்திருக்கவில்லை."

"படம் போடச் சொன்னவ, போட்டிட்டன்" என்றாள். "சும்மா படமெண்டால் நடுவர் ஏன் எண்டு கேப்பினம்தானே மிஸ்? பிழையெண்டால் எடுத்திடுறன்."

வரி வரியாகப் பார்த்தேன். பிழை ஒன்று இருந்தது. நண்பகலைப் பன்னிரண்டு மணி என்று எடுத்திருந்தாள். ஒன்பது நிமிடத்தைச் சேர்க்க மறந்துவிட்டாள். திருத்தச் சொன்னேன். 1.40 ஆக்கினாள்.

இருவருமாக அ.வின் அறைக்குப் போனோம். அவர் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். "ஆ, படம் வடிவா வந்திருக்கு." பேனையை எடுத்தார். பக்கத்தை ஒரு பாட்டம் தடவிப் பார்த்தார், படத்தை மட்டும். கையெழுத்து. முத்திரை.

"தாங்க்யூ மெடம்" என்றாள் நிரோஜா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வெள்ளவத்தை தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. வரும் வழியில் மழை. குடை இன்னும் வாங்கவில்லை.