அக்கா சுத்தின கட்டை

மாதா துணை

கருவடிக்குப்பம், புதுச்சேரி
ஜூன் 9

அன்புள்ள ஏஸ்தெலுக்கு உன் தொமினிக் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். பிரான்சில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் விசாரம்.

ஊருக்கு வந்த உன் சிநேகிதன் ஃபிராங்க் கையில் நீ கொடுத்தனுப்பிய ஈரான் கட்டைகள் வந்து சேர்ந்தன. பிரித்ததும் எனக்குச் சிரிப்பு. நான் மில்லில் இருந்த காலத்தில் கர்லாக்கட்டை சுத்தினால் தெருவில் காத்து திசை மாறும், உங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா, அவரே சல்யூட் அடிப்பார். இது பாட்டில் கனம்கூட இல்லை. ஆனால் உன்னோடு வேலை செய்யும் ஈரான்காரி ஷிரீன் தினமும் இதைத்தான் சுத்துது, வாதத்தில் விழுந்த அம்மா கைக்கு நல்லது என்று நீ எழுதியதால் மரியாதையாக எடுத்தேன். முதல் நாளே பிடிபட்டுவிட்டது. என் நெத்தியில் இருக்கும் வீக்கம் குளவி கொட்டினது. ட்யூப் லைட் பழசு, தானாக உடைந்தது.

அம்மாவுக்கும் சொல்லித்தரேன். விரல் மடங்குது. போனில் உன் குரல் கேட்டால் பேச்சு வராமல் தவிக்குது, அதனால் கடுதாசியே நல்லது. எழுதினதை அதுக்குச் சத்தமா படிச்சுக் காட்டி, தலையாட்டின பிறகுதான் உறையை ஒட்டறேன். இதுக்கும் ஆட்டிடுச்சு.

இப்படிக்கு,
வஸ்தாது தொமினிக்


லியோன்
ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

குளவிக்கு மருந்து போடுங்க. பலத்தைக் குறைங்க மாமா. ஷிரீன் சொல்றா, இது கர்லா இல்லையாம். கட்டையை நெஞ்சுக்கு நேரா நிறுத்தி, தோளுக்குப் பின்னாடி விட்டுடணும். தானா சுத்தி வரும்போது பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம். எனக்கு இந்த வருஷம் நீண்ட லீவு ஒரு தடவைதான். அம்மாவுக்குக் கை தேறுதுன்னா டிசம்பர்ல நோயேல் பண்டிகைக்கு வந்து கூடவே இருப்பேன். தேறலைன்னா ஆகஸ்ட்லயே கிளம்பறேன். உங்க கைச்சரக்கை எல்லாம் கழிச்சுட்டு நெஜத்தை மட்டும் எழுதுங்க. அதை வெச்சுத்தான் டிக்கெட் போடணும்.

அம்மாவுக்கு என் முத்தம்.
ஏஸ்தெல்


மாதா துணை

கருவடிக்குப்பம்
ஜூலை 20

அன்புள்ள ஏஸ்தெலுக்கு ஆசீர்வாதம்.

நெஜத்தைக் கேட்டாய், உட்கார்ந்து படி. உன் அம்மா ரெண்டு கையாலும் சுத்துது. வலது கட்டை பின்னாடி போய் வரும்போது இடது கட்டை கிளம்புது, சர்ச் மணி ஊஞ்சலாடுற மாதிரி. ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக் கொளஞ்சி பார்த்துட்டு, தண்ணிக் குடத்தைக் கீழே போட்டுட்டா. டாக்டரும் எங்கிட்டதான் பாடம் கேக்கிறார்.

ஆகஸ்ட்டில் வந்து என்ன செய்யப் போறே? வெயிலைத்தான் பாப்பே. நோயேலுக்கே வா. கட்டையும் கையுமாக உன் அம்மாவே வந்து கதவைத் திறக்கும்.

இப்படிக்கு,
பாரசீக வஸ்தாது தொமினிக்


லியோன்
ஆகஸ்ட் 4

மாமா,

படிச்சுட்டு அழுதுட்டேன். டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு. எனக்கும் ஒரு ஜோடிக் கட்டை வாங்கியிருக்கேன். வந்ததும் நானும் அம்மாவும் எதிரெதிரா நின்னு சுத்துவோம், நீங்க தாளம் போடுங்க.

ஏஸ்தெல்


கருவடிக்குப்பம்
நவம்பர் 3

ஏஸ்தெலுக்கு,

நேத்து கல்லறைத் திருநாள். உன் அம்மா கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். கருவடிக்குப்பமே திரண்டு வந்துச்சுன்னு எழுதத்தான் கை போவுது. நானும் கொளஞ்சியும்தான் போனோம்.

செப்டம்பர்ல அடக்கம் முடிஞ்சு நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது கார்கிட்ட நின்னு, "அம்மா நெஜமா சுத்துச்சா மாமா"ன்னு கேட்ட. நான் கேக்காத மாதிரி உன் பெட்டியை டிக்கியில ஏத்தினேன். கேட்டுச்சு.

சுத்தலை கண்ணு. விரலைப் பிரிச்சு நான்தான் கட்டையைச் சொருகித் துணியால கட்டுவேன். துணியை அவுத்தா விழுந்துடும். அப்புறம் நான் சுத்திக் காட்டுவேன். பழைய புத்தியில பலம் போட்டு என் மண்டையிலயே அடிச்சுக்குவேன். அதைப் பாத்து வாயோட ஒரு பக்கத்தால சிரிக்கும். அதுக்காகவே கொஞ்ச நாள் வேணும்னே அடிச்சுக்கினேன்.

நீ நெஜத்தை எழுதுன்னு கேட்டப்போ எழுதத்தான் செஞ்சேன். கை வரலை, பேச்சும் குறையுது, இப்பவே வந்துடுன்னு. வழக்கம்போல அதுக்குப் படிச்சேன். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. சாயந்திரம் வரைக்கும் கஞ்சி வாங்கலை. அதைக் கிழிச்சுட்டு வேற எழுதிப் படிச்சேன். "ரெண்டு கையாலும்"னு வந்த இடத்துல நல்ல கையால என் சட்டையை இழுத்து, திரும்பப் படின்னு சைகை காட்டுச்சு. திரும்பத் திரும்பப் படிச்சேன். தலையாட்டிடுச்சு, ஒட்டிட்டேன். அந்தக் கடுதாசியில அட்ரஸ்தான் உன்னுது. சேதி அதுக்கு எழுதினது.

உனக்குன்னு தனியா ஒண்ணு எழுதியிருக்கலாம். அதுக்குப் படிச்சுக் காட்டாம எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்லை. உன் ஆகஸ்ட் அதுல போச்சு.

கட்டை இப்போ எனக்கு வருது. பலம் போடறதில்லை. தோளுக்குப் பின்னாடி விட்டா, தானா வந்து கையில நிக்குது. உனக்கு அனுப்பிடவா, இங்கயே இருக்கட்டுமா, எழுது. எழுதாட்டியும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இதை யாருக்கும் படிச்சுக் காட்டலை. அப்படியே ஒட்டறேன்.

தொமினிக்